மூளைப் படமும் முதுமை மறதியும்

நெய்யாற்றின்கரைத் தாலூகாவின் தென்கோடியில், பாறசாலையிலிருந்து இஞ்சிவிளையைக் கடந்து களியக்காவிளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையின் இருமருங்கிலுமுள்ள சிற்றூர்களில், ஒரே வீட்டில் தமிழும் மலையாளமும் வழங்குவது புதுமையன்று. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்கள் மொழிவழியாகத் திருத்தியமைக்கப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய நான்கு தாலூகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலூகா கேரளத்தில் நின்றது. நிலத்தின்மீது கோடு விழுந்ததேயொழிய, கொள்வினை கொடுப்பினையும் சந்தைக்குச் செல்லும் வழியும் மாறவில்லை.

இத்தகைய ஊர்களில் முதியவர் ஒருவரின் நினைவு தளரத் தொடங்கினால், அவரை வடக்கே திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் செல்வதா, தெற்கே நாகர்கோவிலை அடுத்த ஆசாரிபள்ளத்துக்கு அழைத்துச் செல்வதா என்பது முதல் வினா. அவரை எந்த மொழியில் வினவிப் பரிசோதிப்பது என்பது இரண்டாவது வினா. மூளையைப் படமெடுக்கும் கருவி இருக்கும்போது இவ்வினாக்களுக்கு இடமேது என்று பலர் எண்ணுகின்றனர். அக்கருவிகள் எவற்றைக் காட்டும், எவற்றைக் காட்டமாட்டா என்பதைக் களப்பணியாளரும் ஆசிரியரும் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம். ஏனெனில், ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று வீட்டார் முதலில் கேட்பது அவர்களைத்தான்.

மறதியும் மறதிநோயும்

முதுமையில் ஓரளவு மறதி இயற்கையே. தெரிந்தவர் பெயர் நாவின் நுனியில் நின்று, சற்று நேரம் கழித்து வருவது நோயன்று. மூக்குக்கண்ணாடியை வைத்த இடம் மறப்பதும் நோயன்று. காலையில் உண்டதையே நண்பகலில் மறுத்துக் கூறுவதும், நாற்பது ஆண்டுகள் நடந்த வழியில் திகைத்து நிற்பதும், கடையில் ஒரே கணக்குக்கு இருமுறை பணம் கொடுப்பதும் வேறு வகையைச் சேர்ந்தவை. நினைவு, மொழி, திசையறிவு, முறைப்படி காரியமாற்றும் திறன் ஆகியவற்றுள் சில ஒருங்கே தளர்ந்து, அன்றாட வாழ்வுக்குப் பிறர் துணை வேண்டிய நிலை ஏற்படுமாயின் அதுவே மறதிநோய், அதாவது டிமென்ஷியா எனப்படும். இதற்கும் இயல்பான முதுமைக்கும் இடையே ஒரு படி உண்டு. பரிசோதனையில் குறை தென்படும். வாழ்க்கை மட்டும் ஏறத்தாழப் பழையபடி நடைபெறும். இதனை இலேசான அறிவுத்திறன் குறைவு என்பர். நினைவுச் சிகிச்சைக்கூடங்களுக்கு வரும் இத்தகையோரில் ஆண்டுதோறும் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பேர் மறதிநோய்க்கு ஆளாகின்றனர். ஏனையோரில் சிலர் அந்நிலையிலேயே நிற்கின்றனர். சிலர் இயல்பு நிலைக்குத் திரும்புவதும் உண்டு. எனவே அது முன்னறிகுறியே தவிர, தீர்ப்பு ஆகாது.

இந்நோயை மக்கள் அறியாதவர்கள் அல்லர். திருச்சூர்ப் பகுதியில் இதற்குச் ‘சின்னன்’ என்று ஒரு சொல் வழங்குவதை மருத்துவர் கே. எஸ். ஷாஜியும் அவருடன் பணியாற்றியோரும் பதிவு செய்துள்ளனர். குழந்தைத்தனம் என்பது அதன் பொருள். யாழ்ப்பாணத்துத் தமிழர் ‘அறளை பெயர்தல்’ என்பர். பெயர் உண்டு; அதை மருத்துவரிடம் சொல்லத்தக்க நோயாகக் கருதும் வழக்கந்தான் இல்லை.

நோயின் அளவு சிறியதன்று. 2023-இல் வெளியான ஓர் அகில இந்திய ஆய்வு, 60 வயதைக் கடந்தோரில் 7.4 சதவிகிதத்தினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதிநோயுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. திருவனந்தபுரத்தில் 55 வயதுக்கு மேற்பட்ட ஆயிரம் பேருக்குச் சற்று அதிகமானோரைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2012-இல் வெளியாயிற்று. மருத்துவர் பி. எஸ். மதுரநாத் முதலியோர் நடத்திய அவ்வாய்வின்படி, 65 வயதைக் கடந்த ஆயிரவரில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 15 பேருக்குப் புதிதாக ஆல்ஸைமர் நோய் தோன்றுகிறது. ஒரு பஞ்சாயத்தில் அவ்வயதினர் நாலாயிரம் பேர் இருப்பின், ஆண்டுக்கு அறுபது புதிய நோயாளிகள் என்று கணக்காகும். அவர்களுள் எத்தனை பேர் அவ்வாண்டிலேயே மருத்துவரைக் காண்கின்றனர் என்பதை அந்தந்தக் களப்பணியாளர் தம் குறிப்பேட்டைக் கொண்டே அறியலாம்.

மண்டையோட்டைத் திறவாமல் மூளையைக் காணுதல்

ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் ஆல்ஸைமர் 1901-இல் பிராங்க்ஃபர்ட் நகரில் ஒரு பெண்மணியின் மறதியைக் கவனித்துக் குறிப்பெழுதினார். அவ்வம்மையார் 1906-இல் இறந்த பின்னரே அவருடைய மூளையைச் சீவி நுண்ணோக்கியின் கீழ் வைத்து, உயிரணுக்களுக்கு வெளியே படிந்த பொருளையும் உள்ளே முறுக்கிக்கொண்ட நார்களையும் காண முடிந்தது. உயிருடன் இருப்பவரின் மூளையைப் பார்க்க அதற்குப் பின்னும் அறுபத்தைந்து ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தது. 1971-இல் லண்டனை அடுத்த விம்பிள்டனில், காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு அமைத்த கருவியால் முதல் நோயாளியின் தலை படமெடுக்கப்பட்டது. இதுவே சி.டி. ஸ்கேன். எக்ஸ்-கதிர்களைத் தலையைச் சுற்றிப் பல கோணங்களில் செலுத்தி, வெளிவரும் கதிர்களின் அளவைக் கணிப்பொறியால் கணக்கிட்டு, மூளையைத் துண்டு துண்டாக அரிந்து வைத்தாற்போன்ற படம் பெறப்படுகிறது. இதற்குச் சில நிமிடங்களே போதும். இரத்தக்கசிவு, கட்டி, நீர்த்தேக்கம் ஆகியவை இதில் தெளிவாகத் தெரியும்.

எம்.ஆர்.ஐ. கருவியில் எக்ஸ்-கதிர் இல்லை. உடலிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் சிறு காந்தங்களைப் போன்றவை. வலிய காந்தப் புலத்தில் வைக்கப்படும்போது அவை ஒரு திசையில் ஒழுங்குபடுகின்றன. தக்க ரேடியோ அலையால் அவ்வொழுங்கைக் கலைத்து, அவை மீண்டும் நிலைபெறும்போது வெளியிடும் சைகையைப் பதிவு செய்தால், எந்த இடத்தில் எவ்வகைத் திசு உள்ளது என்று அறியலாம். ஆஸ்பத்திரிகளில் வழக்கமாக உள்ள 1.5 டெஸ்லா காந்தம், பூமியின் காந்தப் புலத்தைவிட ஏறத்தாழ 30,000 மடங்கு வலிமையுடையது. ஒரு துண்டு காந்தத்தையும் இரும்புத் தூளையும் கொண்டு வகுப்பில் காட்டும் அதே தத்துவத்திலிருந்து ஆசிரியர் இதனை விளக்கத் தொடங்கலாம்.

மூன்றாவதான பெட் ஸ்கேன், மூளையின் உருவத்தைக் காட்டிலும் அதன் வேலையைக் காட்டுவது. கதிரியக்க ஃப்ளோரின் சேர்த்த குளுக்கோஸை நரம்பில் ஏற்றினால், மூளையில் எப்பகுதி ஊக்கமாக வேலை செய்கிறதோ அப்பகுதி அதனை மிகுதியாக உட்கொள்ளும். ஆல்ஸைமர் நோயில் பொட்டெலும்புக்கு உட்புறத்திலும் உச்சியின் பின்புறத்திலும் உள்ள பகுதிகள் மங்கித் தோன்றும். ஆல்ஸைமர் கண்ட படிவுப் பொருளையே உயிருடன் இருப்பவரில் காட்டும் வேறொரு மருந்தும் உண்டு. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்து விஞ்ஞானிகள் கண்டறிந்த அம்மருந்து, 2002-இல் சுவீடன் நாட்டு உப்சாலா நகரில் முதன்முறையாக மனிதருக்கு ஏற்றப்பட்டது. அதிலுள்ள கதிரியக்கக் கார்பனின் அரை ஆயுள் 20 நிமிடமே; தயாரிக்கும் இடத்திலேயே ஏற்றவேண்டும். ஃப்ளோரினின் அரை ஆயுள் 110 நிமிடம். தயாரித்த மருந்து 220 நிமிடத்தில் கால் பங்காகவும் 330 நிமிடத்தில் அரைக்கால் பங்காகவும் குறையும். பெட் கருவி பெருநகரங்களைவிட்டு வெளியே வர ஏன் தயங்குகிறது என்பதற்கு இக்கணக்கே பெரும்பாலும் விடை. சிற்றூர் மக்களுக்கு இது வழக்கமான பரிசோதனையன்று. அதனை வேண்டி அலைவதும் தேவையற்றது.

படத்தில் முதலில் தேடப்படுவது

மூளைப் படம் எடுப்பதன் முதல் நோக்கம் ஆல்ஸைமர் நோயைக் கண்டுபிடிப்பதன்று. மறதிநோய் போலத் தோற்றமளித்து, உண்மையில் குணப்படுத்தக்கூடிய வேறு நோய் ஏதேனும் உள்ளதா என்று பார்ப்பதே முதல் நோக்கம். பாமர மக்களிடம் மட்டுமன்றிக் கற்றவரிடமும் இச்செய்தி சரியாகச் சென்றடையவில்லை.

ஓர் உதாரணம் கொள்வோம். எழுபது வயதுக்கு மேற்பட்ட முதியவர் ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுகிறார். தலையில் சிறு வீக்கம். இரண்டு நாளில் வற்றிவிடுகிறது. மூன்று நான்கு வாரங்கள் கழித்து அவர் பேச்சில் தடுமாற்றம், பகலில் உறக்கம், ஒரு காலில் இழுப்பு. வீட்டார் விழுந்ததை மறந்தே போயிருப்பர், வயதாகிவிட்டது என்பர். உண்மையில் மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையே சிறுகச் சிறுக இரத்தம் கசிந்து தேங்கி, மூளையை அழுத்திக்கொண்டிருக்கக் கூடும். முதுமையில் மூளை சற்றுச் சுருங்குவதால், அதனை மேலுறையுடன் இணைக்கும் மெல்லிய நாளங்கள் இழுபட்டு, சிறு அடியிலும் அறுபடுகின்றன. சி.டி. படத்தில் இது தெரியும். ஓட்டில் சிறு துளையிட்டு இரத்தத்தை வடித்துவிட்டால், பலர் சில நாட்களிலேயே தெளிவு பெறுகின்றனர். படமெடுக்காமல் விட்டால் உயிரே போகலாம். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவர்களும் குடிப்பழக்கம் உள்ளவர்களும் இவ்வகையில் மிகுந்த ஆபத்துக்கு உட்பட்டவர்கள்.

இரண்டாவது, மூளையின் அறைகளில் நீர் தேங்குதல். கால்கள் தரையில் ஒட்டிக்கொண்டாற்போன்ற நடை, சிறுநீரை அடக்க இயலாமை, மறதி என்ற மூன்றும் சேர்ந்து வருவது இதன் இலக்கணம். 1965-இல் ஹக்கீம், ஆடம்ஸ் என்ற மருத்துவர்கள் இதனை விவரித்தனர். தேங்கிய நீரைக் குழாய் வழியே வயிற்றுக்குள் வடியச் செய்யும் சிகிச்சை உண்டு. அதனால் முதலில் சீர்படுவது பெரும்பாலும் நடையே. நெற்றிப் பகுதியில் மெல்ல வளரும் கட்டியும் பல மாதங்கள் குணமாற்றமாக மட்டுமே வெளிப்படலாம்.

படத்தில் தெரியாத, ஆனால் திருத்தக்கூடிய காரணங்களும் உள்ளன. வைட்டமின் பி-12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, காதுகேளாமை, உறக்க மாத்திரைகள் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. ஸ்கேனுக்குப் பணம் திரட்டும் முன் இரத்தப் பரிசோதனையும், உண்ணும் மாத்திரைகள் எவை என்ற விசாரணையும் முடிந்திருக்க வேண்டும். கேட்காத காதை மறந்த மூளை என்று எண்ணி ஏமாறுவது அன்றாட நிகழ்ச்சி.

கடற்குதிரை சுருங்குதல்

இவை எவையும் இல்லையென்று தெளிந்த பின்னரே, தேய்வின் அடையாளங்கள் தேடப்படுகின்றன. பொட்டுக்கு உட்புறத்தில், இடமும் வலமுமாக, வளைந்த கடற்குதிரை வடிவில் இரு சிறு உறுப்புக்கள் உள்ளன. ஹிப்போகாம்பஸ் என்ற அவற்றின் பெயரே அவ்வடிவத்தால் வந்தது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3 கன சென்டிமீட்டர். ஒரு பெரிய நிலக்கடலைக் காயின் அளவே இருக்கும். இன்று நடந்ததை நாளைக்கென எழுதிவைக்கும் எழுத்தர் வேலை இவற்றுடையது. பழைய நினைவுகள் மூளையின் மேற்பரப்பில் பரவிப் பதிந்திருப்பதால், இவை சுருங்கும்போது நேற்றைய செய்தி முதலில் அழிகிறது. இளமைக் காலத்துச் செய்தி நிற்கிறது. தம் திருமணப் பந்தலில் யார் யார் அமர்ந்திருந்தார்கள் என்று வரிசையாகச் சொல்லும் பாட்டிக்கு, சற்றுமுன் வந்துபோன பேத்தியின் வருகை நினைவில்லாமற்போவது இதனாலேதான். அதை நடிப்பு என்று வீட்டார் சினந்துகொள்ளும் இடங்களில், இவ்வொரு விளக்கமே பெரும் உதவியாக அமையும்.

நலமுடன் உள்ள முதியோரில் இவ்வுறுப்பு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்று அல்லது ஒன்றரைச் சதவிகிதம் சுருங்குகிறது. ஆல்ஸைமர் நோயாளிகளில் நான்கைந்து சதவிகிதம் சுருங்குகிறது. எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்துச் சுருக்கத்தைச் சுழி முதல் நான்கு வரை மதிப்பிடும் எளிய அளவுமுறை ஒன்றை டச்சு மருத்துவர் ஸ்கெல்டன்ஸ் 1992-இல் வகுத்தார். அது இன்றும் வழக்கில் உள்ளது. எண்பது வயதில் சுழி இருந்தாலே வியப்பு; அறுபது வயதில் இரண்டு இருந்தாலே கவலை. வயதை நோக்காமல் எண்ணை மட்டும் நோக்கினால் பிழைபட நேரும்.

படத்தில் காணும் மற்றொரு அடையாளம் வெள்ளைத் திசுவில் தோன்றும் புள்ளிகள். நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைபடுவதால் இவை உண்டாகின்றன. உயர்ந்த இரத்த அழுத்தமும் நீரிழிவும் இவற்றின் முக்கிய காரணங்கள். இவ்விரண்டும் மலிந்துள்ள கேரளத்தில் இதற்குத் தனிக் கவனம் வேண்டும். அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2019-இல் வெளிவந்தது. மேல் அழுத்தத்தை 140-க்குக் கீழ் வைத்தவர்களைவிட 120-க்குக் கீழ் வைத்தவர்களில் இலேசான அறிவுத்திறன் குறைவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே தோன்றியது, எம்.ஆர்.ஐ. படங்களில் வெள்ளைப் புள்ளிகள் பெருகுவதும் குறைந்தது. பல கோடி ரூபாய் விலையுள்ள காந்தம் காட்டிய இம்மாறுதலை உண்டாக்கியது, களப்பணியாளர் பையிலுள்ள இரத்த அழுத்தக் கருவியும் ஒழுங்காக உண்ட மாத்திரையுமே. முதியோருக்கு அழுத்தத்தை எவ்வளவு குறைக்கலாம் என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். மிகையாகக் குறைத்தால் தலைசுற்றி விழுவர்.

படமும் மனிதரும் ஒவ்வாத இடம்

அமெரிக்காவில் 678 கன்னியாஸ்திரீகள் தம் நினைவாற்றலைப் பரிசோதிக்கவும், இறந்தபின் மூளையை ஆராயவும் இசைந்தனர். அவர்களுள் சிலருடைய மூளையில் ஆல்ஸைமர் நோயின் அடையாளங்கள் நிறைந்திருந்தும், இறுதிவரை அவர்கள் தெளிவாகவே வாழ்ந்தனர். பெட் படங்களும் இதனை உறுதிப்படுத்துகின்றன. எழுபது வயதளவில் நல்ல நினைவாற்றலுடன் இருப்போரிலும் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு மூளையில் அப்படிவு காணப்படுகிறது. படிவு தோன்றிப் பதினைந்து இருபது ஆண்டுகளுக்குப் பின்னரே மறதி வெளிப்படலாம். வெளிப்படாமலே வாழ்நாள் முடிவதும் உண்டு. ஆகவே குறையேதும் இல்லாதவர் முன்னெச்சரிக்கை என்ற பெயரில் மூளைப் படம் எடுத்துக்கொள்வதால் அச்சம் வளருமேயன்றி வேறு பயன் இல்லை.

இவ்வொவ்வாமைக்கு ஒரு காரணம் மூளையின் சேமிப்பு வலிமை எனக் கருதப்படுகிறது. கல்வியும் பலவகை வேலையும் மூளைக்குள் மாற்று வழிகளை அமைத்து வைக்கின்றன. ஒரு வழி அடைபட்டால் மற்றொரு வழியால் காரியம் நடக்கிறது. எல்லைக் கிராமங்களுக்கு நேரே பொருந்தும் செய்தி ஒன்று இங்கு உண்டு. ஹைதராபாத்தில் நிஜாம் மருத்துவ விஞ்ஞான நிலையத்தின் சுவர்ணா அல்லாடி முதலியோர் 648 மறதிநோயாளிகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட முடிவின்படி, ஒரு மொழி மட்டும் பேசுவோரைவிட இரு மொழி பேசுவோருக்கு நோய் ஏறத்தாழ நான்கரை ஆண்டுகள் தாமதமாகவே தோன்றியது. எழுத்தறியாதவரிடமும் இவ்வேறுபாடு காணப்பட்டது. ஆகவே இது பள்ளிப் படிப்பின் பயன் மட்டுமன்று. கனடாவில் டொராண்டோ நகரத்து ஆய்வாளர் 2012-இல் சி.டி. படங்களை ஒப்பிட்டனர். ஒரே அளவு அறிவுத்திறன் உள்ள நோயாளிகளில், இருமொழியாளரின் மூளையே அதிகம் சுருங்கியிருந்தது. அதாவது அதிகச் சேதத்தைத் தாங்கிக்கொண்டு அவர்கள் அதே நிலையில் நின்றனர்.

இவை ஆஸ்பத்திரிக்கு வந்தோரிடம் நடத்திய ஆய்வுகள். ஊர் முழுவதையும் தொடர்ந்து கவனித்த சில ஆய்வுகளில் இப்பயன் இவ்வளவு தெளிவாகக் காணப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எனினும் பாறசாலையில் சந்தையில் மலையாளமும் அடுக்களையில் தமிழும் பேசும் ஒருவரிடம் மறதி வெளிப்படும்போது, அவருடைய மூளைத் தேய்வு வெளித்தோற்றத்தைவிட முற்றியிருக்கக் கூடும் என்று எண்ணிப்பார்க்க இது இடந்தருகிறது.

எந்த மொழியில் வினவுவது

மூளைப் படத்துக்குப் பொருள் தருவது, அதற்கு முன் நடக்கும் வினா-விடைப் பரிசோதனை. அப்பரிசோதனை பிழைபட்டால் படத்தின் பொருளும் பிழைபடும்.

மைய அரசின் விஞ்ஞான தொழில்நுட்பத் துறையைச் சார்ந்து, திருவனந்தபுரத்தில் இயங்கும் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ விஞ்ஞான, தொழில்நுட்ப நிலையத்தில் மறதிநோய்க்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவு உண்டு. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்தில் 2000-ஆம் ஆண்டில் வெளியான நூறு மதிப்பெண் கொண்ட ஒரு பரிசோதனையை அமைத்தவருள் மேற்கூறிய மதுரநாத்தும் ஒருவர். அதனை மலையாளம் பேசுவோருக்கு ஏற்பத் திருத்தியமைத்த வடிவம் 2004-இல் வெளியாயிற்று. வெறும் மொழிபெயர்ப்பு போதாமையால் வினாக்களையே மாற்றவேண்டியிருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு அமைத்த பரிசோதனைத் தொகுப்பு முதலில் ஹிந்தி, வங்காளி, தெலுங்கு, கன்னடம், மலையாளம் என்ற ஐந்து மொழிகளில் வெளிவந்தது. அவற்றுள் தமிழ் இல்லை. தமிழ் பேசும் ஊர்களுக்கென வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் சிறு வினாத்தொகுப்புக்களை அமைத்து 2009-இல் வெளியிட்டுள்ளனர். ஒன்று முதியவரை வினவ. மற்றொன்று அவரை நன்கறிந்தவரை வினவ.

வீட்டில் தமிழ் பேசும் நெய்யாற்றின்கரை மூதாட்டியை மலையாள வினாத்தாளால் மட்டும் பரிசோதித்தால் சில மதிப்பெண்கள் மொழியாலேயே குறையலாம். இன்று எந்த மாதம் என்று கேட்டால் ஒருவர் ஆவணி என்பார். மற்றவர் சிங்ஙம் என்பார். மூன்றாமவர் ஆகஸ்டு என்பார். அம்மூன்றும் சரியான விடையாகும் நாட்கள் உண்டு. எந்த ஆண்டு என்ற வினாவுக்குக் கொல்லம் ஆண்டைக் கூறும் முதியவர் பிழை செய்தவர் ஆகார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வது பள்ளி சென்றவருக்கே தக்கது. பள்ளி செல்லாதவரிடம் மீன் வாங்கிய கணக்கைச் சொல்லி மீதிச் சில்லறை எவ்வளவு என்று கேட்பதே தகும். கடிகாரம் வரையச் சொல்லுமுன், அவர் பென்சில் பிடித்தவரா என்று அறிதல் வேண்டும். ஒரு நிமிடத்தில் எத்தனை மிருகங்களின் பெயரைச் சொல்ல முடிகிறது என்ற சோதனையில், இரு மொழிப் பெயர்களும் கலந்து வரும். கலந்து வருவது குறையன்று. ஆனால் ஒரே மிருகத்தை இரு மொழியிலும் சொன்னால் ஒன்றாகவே எண்ணவேண்டும்.

இருமொழியாளருக்கு நோய் முற்றும்போது பின்னர்க் கற்ற மொழி முதலில் தளர்வது பலரிடம் காணப்படுகிறது. மருமகளுடன் மலையாளத்தில் நன்கு பேசிவந்த மாமியார் தமிழிலேயே விடை கூறத் தொடங்கினால், அது பிடிவாதம் அன்று; குறித்துக்கொள்ளத் தக்க அறிகுறி.

யாரை அனுப்புவது

திருச்சூர்ப் பகுதியில் ஷாஜியும் பிறரும் அங்கன்வாடிப் பணியாளருக்குச் சில மணி நேரப் பயிற்சி மட்டும் அளித்து, மறதிநோய் உள்ளவர் என்று ஐயுறத்தக்கோரைக் கண்டறியச் சொன்னார்கள். 2002-இல் வெளியான முடிவின்படி, அவர்கள் சுட்டிக்காட்டியவரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு நோய் இருந்தது மருத்துவப் பரிசோதனையில் உறுதியாயிற்று. எந்தக் கருவியும் இன்றி, அக்கம்பக்கத்து வீடுகளை அறிந்திருந்த ஒன்றையே கொண்டு பெற்ற பயன் இது. கர்நாடகத்தில் கோலார் மாவட்டத்து சீனிவாசபுரத்தில், 45 வயதைக் கடந்த கிராம மக்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வைப் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிலையத்து மூளை ஆராய்ச்சி மையம் நடத்துகிறது. எம்.ஆர்.ஐ. படமும் அதில் ஒரு பகுதி. அங்கும் மூளைப் படத்துக்கு ஆளை அழைத்து வருவது ஊரறிந்த களப்பணியாளரே.

எல்லைக் கிராமங்களில் அறிகுறி தொழிலில் வெளிப்படுவதைக் காணலாம். பாலராமபுரத்து நெசவாளர் கசவுக் கரையின் கணக்கைத் தவறவிடுவார். வெள்ளறடைப் பக்கத்து ரப்பர் வெட்டுபவர் காலையில் வெட்டிய வரிசைக்கே மீண்டும் செல்வார். ஓய்வூதிய மஸ்டரிங்குக்கு வந்தவர் தம் கையொப்பத்தில் தடுமாறுவார். பேரனைப் பள்ளிக்கு அழைத்து வரும் தாத்தா வகுப்பறையை மறப்பதை ஆசிரியரே முதலில் காண்பார். ஆறு மாதமாகத் தொடர்ந்து பெருகிவரும் மறதியுள்ளவரை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் அனுப்புதல் முறை. தலையில் அடிபட்டவர், சில வாரங்களுக்குள் விரைந்து மாறியவர், நடை தளர்ந்து சிறுநீரும் கட்டுப்படாதவர், புதிதாக வலிப்போ ஒருபக்க வலுவின்மையோ கண்டவர், அறுபது வயதுக்குள் மறதி தொடங்கியவர் ஆகியோரைத் தாமதியாமல் அனுப்ப வேண்டும். திடீரென்று ஒருபக்கம் செயலிழந்தாலோ பேச்சு குழறினாலோ அது பக்கவாதம். அன்றே, அந்த நேரத்திலேயே ஆஸ்பத்திரி சேர்க்க வேண்டும். பல ஆண்டுகளாக முற்றிய நோயுள்ளவருக்கு, புதிய மாறுதல் ஏதும் இல்லாதபோது, கடன் வாங்கி ஸ்கேன் எடுப்பதால் சிகிச்சை மாறுவது அரிது.

படிவை நீக்கும் மருந்துகள் வந்துவிட்டன என்ற செய்தி சிற்றூர்வரை எட்டியுள்ளது. அமெரிக்காவில் லெகானெமாப் 2023-இலும் டொனானெமாப் 2024-இலும் முழு அனுமதி பெற்றன. பதினெட்டு மாத ஆய்வில் லெகானெமாப் தேய்வின் வேகத்தை 27 சதவிகிதம் குறைத்தது. இழந்த நினைவை மீட்கவில்லை. சிலருக்கு மூளையில் வீக்கமும் கசிவும் உண்டாவதால், மருந்து ஏற்றும் காலத்தில் எம்.ஆர்.ஐ. படம் பலமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். நோயின் தொடக்க நிலையில் உள்ளவருக்கே இம்மருந்துகள் உரியன. 2025 மே மாதத்தில் அந்நாட்டில் இரத்தப் பரிசோதனை ஒன்றும் அனுமதி பெற்றுள்ளது. பெட் படத்தின் தேவையை அது நாளடைவில் குறைக்கக்கூடும்.

எம்.ஆர்.ஐ. எடுக்கச் செல்பவருக்கு முன்கூட்டியே கூறவேண்டியவை சில உண்டு. இதயத்துக்கு மின்கருவி பொருத்தியவர், மூளை நாளத்தில் பழைய உலோகக் கவ்வி உள்ளவர், கண்ணில் இரும்புத்துகள் பட்ட கொல்லர், பற்றவைப்பவர் ஆகியோர் அதனைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அரைஞாண், தாயத்துக்கூடு, மூக்குத்தி, தாலிச் சங்கிலி அனைத்தையும் கழற்றவேண்டியிருக்கும். தாலியைக் கழற்ற மனம் ஒப்பாத மூதாட்டியரிடம் இதை முன்னாளே வீட்டில் பேசி, மஞ்சள் சரடு ஒன்றை மாற்றாக அணிவித்து அழைத்து வருவது எளிய வழி. கருவிக்குள் அரைமணி நேரம்வரை அசையாமல் படுக்க வேண்டும். தகரக் கூரையில் சம்மட்டி விழுவது போன்ற ஓசை எழும். மறதியுள்ளவர் அஞ்சி எழுந்துவிடுவார், படமும் கலங்கும். வாயிற்புறத்தில் நின்று அவர் காலைத் தொட்டுக்கொண்டு, அவருக்குப் பழக்கமான மொழியில் பேச ஓர் உறவினர் உடனிருக்க இசைவு கேட்கலாம். அவரிடமும் உலோகம் எதுவும் இருத்தலாகாது.

அனுப்பும் சீட்டில், மறதி தொடங்கிய மாதம், முதலில் கண்ட அறிகுறி, உண்ணும் மாத்திரைகள், படித்த வகுப்பு, வீட்டுமொழி, சந்தைமொழி ஆகியவற்றை எழுதியனுப்புதல் நலம். எடுத்த படத்தையும் தகட்டையும், ஈரம் படாத உறையில் இட்டு வைக்கச் சொல்ல வேண்டும். தேய்வு என்பது ஒரு படத்தில் அன்று, இரு படங்களுக்கு இடையே காணப்படுவது. ஓராண்டுக்குப் பின் எடுக்கும் படத்தைக் கூடியவரை அதே ஆஸ்பத்திரியில், அதே வகைக் கருவியில் எடுக்க வேண்டும். எல்லையைக் கடந்து வேறு ஆஸ்பத்திரிக்குச் செல்ல நேர்ந்தால், அறிக்கையை மட்டும் கொண்டு செல்லாமல் பழைய படத்தையே கொண்டு செல்ல வேண்டும்.